ஆர்வம் சரி, கேள்வி எங்கே?



ஜொகூரில் உயர்கல்வி பயிலும் நம் மாணவர்கள் சிலரை வைத்து அண்மையில் ஒரு கருத்தாடல் நடத்தினோம். தொலைக்காட்சியில் நேரம் எப்போதும் பற்றாக்குறைதான். அங்கே பேசியதையும், பேச முடியாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதுகலை, முனைவர் பட்டம் என்று படித்துக்கொண்டிருக்கும் ஆறு பேர் வந்திருந்தார்கள். கணினித் துறை இருவர், கல்வியியல் இருவர், வணிக நிர்வாகம் ஒருவர், பொறியியல் ஒருவர். பெயர், ஊர், துறை என்று தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டவர்கள், ஆறு பேருமே கிட்டத்தட்ட ஒரே வாக்கியத்தில் வந்து நின்றார்கள்: "எனக்குச் சமூக ஊடகத்தில் ஆர்வம் அதிகம்."

இதில் குற்றமொன்றும் இல்லை. புலனமும் முகநூலும் டிக்டாக்கும் நுழையாத வீடு ஏது? ஆனால் "எனக்குச் சாப்பாட்டில் ஆர்வம்" என்று ஒருவர் சொன்னால், அவர் சமையல்காரராக இருக்கலாம், சத்துணவு நிபுணராக இருக்கலாம், நெல் வியாபாரியாக இருக்கலாம், வெறுமனே பசியோடு வந்தவராகவும் இருக்கலாம். சமூக ஊடகமும் அப்படித்தான். கணினி மாணவருக்கு அது கோடிக்கணக்கான சொற்கள் கொட்டிக் கிடக்கும் இடம். நிர்வாக மாணவருக்கு அது சந்தை. கல்வியியல் மாணவருக்கோ, வகுப்பில் பிள்ளையின் கவனத்தைத் திருடும் எதிரி. ஒரே பெயரைச் சொல்லி ஆளுக்கொன்றைப் பேசுகிறோம். மேற்பார்வையாளரிடம் ஆய்வு முன்மொழிவைக் கொண்டுபோகும்போது அவர் உதட்டைப் பிதுக்குவது இதனால்தான். ஆர்வத்தை அவர் ஏற்கெனவே நம்பிவிட்டார். அவர் கேட்பது கேள்வியை.

நான் ஆய்வாளர் அல்ல. பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து, கேமரா முன்னால் நிற்பவள். ஆனால் கேள்வி கேட்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை என்பதால், இதைப் பற்றி ஓரளவு சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

தமிழ் மண்ணிலிருந்தே நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மானுடவியல் பேராசிரியர் டேனியல் மில்லர் தலைமையில் ஒரு பெரிய ஆய்வுத் திட்டம் நடந்தது. ஒன்பது ஆய்வாளர்கள் உலகின் ஒன்பது இடங்களுக்குப் போய், ஒவ்வொருவரும் ஏறக்குறைய 15 மாதங்கள் அங்கேயே தங்கினார்கள். அவர்களில் ஒருவர் அப்போது முனைவர் பட்ட மாணவராக இருந்த ஸ்ரீராம் வெங்கட்ராமன். சென்னைப் புறநகரில், வயல் சூழ்ந்த கிராமங்களுக்கு நடுவே தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் முளைத்த ஒரு வட்டாரத்தை அவர் எடுத்துக்கொண்டார். மக்களின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக அதற்குப் 'பஞ்சகிராமி' என்று புனைபெயர் வைத்தார். அவருடைய நூல் 2017இல் வெளிவந்தது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

"இளைஞர்கள் எத்தனை மணி நேரம் முகநூலில் இருக்கிறார்கள்?" என்ற அளவோடு அவர் நிற்கவில்லை. சாதி, உறவுமுறை, வயது, பெண் என்ற நிலை ஆகியவை திரைக்குள் போன பிறகு என்ன ஆகின்றன என்று பார்த்தார். திருமணமாகாத பெண்ணின் கைப்பேசியை வீடு எப்படிக் கண்காணிக்கிறது என்று கவனித்தார். அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டே வீட்டாரோடு பேசிக்கொண்டிருக்கும் ஊழியரை வேலைத்திருடராகப் பார்க்காமல், வேலையையும் வீட்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பழகாத ஒரு சமுதாயத்தின் தொடர்ச்சியாகப் பார்த்தார். சாமி படம், நடிகர் படம், தலைவர் படம் ஆகியவை முன்பு சுவரிலும் பதாகையிலும் இருந்தன, இப்போது திரையிலும் வந்துவிட்டன என்று எழுதினார். படிக்கும்போது நமக்கு, "இதில் என்ன புதுமை, எங்கள் வீட்டிலும் இப்படித்தானே" என்று தோன்றும். நம் வீட்டில் நடப்பது ஆய்வாகும் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

மற்றொருவர் அமெரிக்காவின் டானா பாய்ட். இவரும் மாணவியாக இருந்தபோதே தொடங்கியவர்தான். 2003 வாக்கில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே, அப்போது புதிதாக வந்திருந்த 'ஃபிரெண்ட்ஸ்டர்' தளத்தை ஆராய்ந்தார். நண்பர்களுக்கென்று வைத்திருந்த பக்கத்தைத் தன் மாணவர்களே கண்டுபிடித்துவிட, திண்டாடிய ஓர் இளம் ஆசிரியையைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். வீட்டில் ஒரு முகம், வேலையில் ஒரு முகம், நண்பர்களிடம் ஒரு முகம் என்று இயல்பாக வாழும் மனிதரை, எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கும் இடத்தில் நிறுத்தினால் என்ன செய்வார்? பாய்டின் கேள்வி அதுதான். அந்தத் தளம் போய்விட்டது. கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. டிக்டாக்குக்கும் பொருந்துகிறது.

ஃபிரெண்ட்ஸ்டர் என்றதும் என் வயதுக்காரர்கள் சிரிப்பார்கள். 'டெஸ்டிமோனியல்' எழுதச் சொல்லித் தோழியைத் தொல்லைப்படுத்தாதவர் யார்? அமெரிக்கர்கள் வேறு தளங்களுக்குப் போன பிறகும் மலேசியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, சிங்கப்பூர் இளைஞர்கள்தான் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். கடைசியில் 2009 டிசம்பரில் அதை வாங்கியதே மலேசிய நிறுவனமான எம்.ஓ.எல். தான். 2011இல் அது விளையாட்டுத் தளமாக மாறியது. மே 31க்குப் பிறகு பழைய படங்கள், கருத்துகள், வலைப்பதிவுகள் எல்லாம் அழிக்கப்படும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். இணையத்தைப் பாதுகாக்கும் தன்னார்வலர்கள் ஓரளவு காப்பாற்றினார்கள். மற்றதெல்லாம் போயிற்று.

போனது என்ன என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்திலிருந்து பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், முதன்முறையாக ஒரு பொது இடத்தில் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியது அது. எந்தப் பாடலைப் பிடித்த பாடல் என்றார்கள், எந்த நடிகர் மாதிரி நின்று படம் எடுத்தார்கள், தமிழா ஆங்கிலமா தேசிய மொழியா, எதில் எழுதினார்கள் என்பதற்கெல்லாம் சான்று அங்கே இருந்தது. சஞ்சிக்கூலிகளாக வந்தவர்களைப் பற்றிக் கப்பல் பதிவேடு, தோட்டத்துக் கணக்கு என்று ஏதோ கொஞ்சம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் நம் இளைஞர்களைப் பற்றி அந்த அளவாவது தேறுமா? எனக்குச் சந்தேகம்தான்.

இனி, நம் ஜொகூருக்கே வருகிறேன். கருத்தாடலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆனால் ஒளிபரப்பில் இரண்டே நிமிடம் வந்தது.

2020 மார்ச் 16ஆம் தேதி இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டது. 18ஆம் தேதி அமலுக்கு வந்தது. நாள்தோறும் பல லட்சம் பேர் கடந்து போய்வந்த ஜொகூர்ப் பாலம் ஓய்ந்தது. இடையில் கிடைத்த ஒரே நாளில், வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பையில் நாலு துணியோடு சிங்கப்பூருக்கு ஓடியவர்கள் ஏராளம். இரண்டு வாரம் என்று நினைத்துப் போனார்கள். அந்த ஆகஸ்டில்தான் தொழிலாளர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வந்துபோக ஓர் ஏற்பாடு வந்தது. தடுப்பூசி போட்டவர்கள் பேருந்தில் வர 2021 நவம்பர் 29ஆம் தேதி வழி திறந்தது. தடுப்பூசி போட்டவர்கள் பழையபடி கடக்க முடிந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலம், அதற்கு இரண்டு ஆண்டு.

வந்திருந்தவர்களில் ஒரு மாணவி, கூலாய்க்காரப் பெண், சொன்னார்: "அக்கா, எங்க அப்பா அப்போ அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டார். அம்மா தினமும் காலையில ஆறு மணிக்குக் குடும்பக் குழுவில பிள்ளையார் படம் போட்டுக் 'காலை வணக்கம்'னு அனுப்புவாங்க. அப்பா ஒரு கட்டைவிரல் போடுவார். அவ்வளவுதான். ஏழு மணிக்குள்ள கட்டைவிரல் வரலைன்னா அம்மா போன் அடிப்பாங்க."

சொல்லிவிட்டு, "ஆனா இதெல்லாம் ஆய்வுக்கு ஆகாது அக்கா, நான் கல்விச் செயலிகளைப் பற்றித்தான் செய்யப் போறேன்" என்றார். எனக்கோ நாற்காலியிலிருந்து எழுந்துவிடலாம் போலிருந்தது. காலை வணக்கப் படங்களைப் பார்த்து அலுத்துக்கொள்ளாதவர் நம்மில் யாருமில்லை. ஆனால் அந்தப் படம் வணக்கம் சொல்லவில்லை. "இருக்கிறீர்களா?" என்று கேட்டது. கட்டைவிரல் "இருக்கிறேன்" என்றது. பணம் போதவில்லை, முதலாளி சம்பளத்தைக் குறைத்துவிட்டார், தனியறையில் காய்ச்சலாகக் கிடக்கிறேன் என்பதெல்லாம் அந்தக் குழுவில் வந்திருக்குமா? வந்திருக்காது. அவையெல்லாம் தனி அழைப்பில் போயிருக்கும், அல்லது சொல்லாமலே விடப்பட்டிருக்கும். பிரிந்திருந்த குடும்பம் எதைக் குழுவில் சொன்னது, எதைத் தனியாகச் சொன்னது, எதை மறைத்தது? இதோ, ஒரு முனைவர் பட்டத்துக்கான கேள்வி. கூலாயில் வீட்டு மேசையில் கிடக்கிறது.

இதைக் கணினியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாமே என்று கணினித் துறைத் தம்பி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. சிக்கல் என்னவென்றால், நம் பிள்ளைகள் எழுதும் தமிழ். முத்து நெடுமாறன் அவர்களின் 'முரசு' 1985இலேயே வந்துவிட்டது, கைப்பேசிக்கான 'செல்லினம்' 2005இல் வந்தது. தமிழ் எழுத்தில் தட்ட வசதி இல்லையென்று இன்று சொல்ல முடியாது. ஆனாலும் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. ஆங்கில எழுத்தில், ஒரே சொல்லைப் பத்துப் பேர் பத்து விதமாக எழுத்துக்கூட்டி, "பாலத்துல ஜேம் லா, மக்கான் பண்ணிட்டு வாறேன்" என்று மூன்று மொழியைக் கலந்து எழுதுவார்கள். இதைச் சென்னை ஆய்வாளர் படித்தால் 'மக்கானி'ல் தடுக்குவார். கோலாலம்பூரில் தமிழறியாத ஆய்வாளர் படித்தால் 'வாறேனி'ல் தடுக்குவார். சிரமமில்லாமல் படிக்கக்கூடியவர்கள் நம் மாணவர்கள்தான். மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுப்பதென்றாலும், முதலில் ஆயிரக்கணக்கான வாக்கியங்களை இவர்கள் உட்கார்ந்து பிரித்துக் காட்டினால்தான் உண்டு.

இன்னொரு தடையும் இருக்கிறது. முன்பெல்லாம் ஆய்வாளர்கள் டுவிட்டரிலிருந்து பதிவுகளை இலவசமாக அள்ளிக்கொண்டு வந்தார்கள். நிறுவனம் கைமாறிய பிறகு, 2023இல் அதற்குக் கட்டணம் வந்தது. முகநூல் பதிவுகளைத் தொடர உதவிய 'கிரவுட்டேங்கிள்' என்ற கருவியை மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் மூடியது. கருவியை நம்பி முன்மொழிவு எழுதிய மாணவர்கள் பல நாடுகளில் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஆக, ஆட்களிடம் நேரே போய்க் கேட்கும் பழைய வழிக்கு மவுசு கூடியிருக்கிறது. அதற்கு மொழி வேண்டும், வீட்டுக்குள் விடும் உறவு வேண்டும்.

விட்டுவிட்டால் போதுமா? இங்கேதான் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. 2012 ஜனவரியில் முகநூல் நிறுவனம் ஒரு வாரத்துக்கு 6,89,003 பயனர்களின் பக்கத்தில் தெரியும் பதிவுகளை மாற்றிப் பார்த்தது. மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைத்தால் மனிதர் வாடுகிறாரா என்று சோதனை. 2014 ஜூனில் ஆய்வுக் கட்டுரை வந்தபோதுதான் வெளியுலகத்துக்கே தெரிந்தது. எழுந்த கண்டனம் கொஞ்சநஞ்சமல்ல. கண்டுபிடிப்பைவிட, கேட்காமல் செய்ததுதான் மக்களைச் சுட்டது.

குடும்பப் புலனக் குழுவுக்கும் இதே நியாயம்தான். "அம்மா சரின்னுட்டாங்கன்னா போதாதா?" என்று அந்தக் கூலாய் மாணவி கேட்டார். போதாது. அம்மாவின் சம்மதம் அம்மா எழுதியதற்கு மட்டும். சித்தப்பா எழுதியதற்குச் சித்தப்பாவைக் கேட்க வேண்டும். கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போன மாமாவையும் கேட்க வேண்டும், அதற்கு முதலில் அவரோடு யாராவது பேச வேண்டும்! அந்தக் குழுவில் தாத்தா ஒருவர் இருந்தாராம். தட்டத் தெரியாததால் குரல் பதிவாகவே அனுப்புவாராம். பாலம் திறப்பதற்கு முன்பே தவறிவிட்டார். குரல் இன்னும் இருக்கிறது. அவர் சார்பில் சம்மதம் தருவது யார், பாட்டியா, மூத்த மகனா? பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழுவிடம் கேட்டால் படிவம் தருவார்கள். அந்தப் பதிலை வீட்டில்தான் தேட வேண்டும்.

நடைமுறையில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. புலனத்தில் ஓர் உரையாடலை முழுதாக எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்துகொள்ளலாம். படங்களும் குரல் பதிவுகளும் வேண்டுமானால் அவற்றைச் சேர்க்கும்படி தனியாகத் தெரிவு செய்ய வேண்டும். பெரிய குழுவென்றால் எல்லாம் வந்துசேராது, அவற்றைக் கையால்தான் எடுத்துவைக்க வேண்டும். பெயர்களையும் எண்களையும் நீக்கியபின்தான் அது யார் கைக்கும் போகலாம். ஆனால் அதற்கும் முன்னால், குழுவின் அமைப்பில் 'மறையும் செய்திகள்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். யாராவது அதை இயக்கியிருந்தால், அதன் பிறகு அனுப்பியவற்றில் 90 நாளுக்கு முந்தியது அங்கே இருக்காது.