ஏற்றுக்கூலி குறைவு, நாட்கள் அதிகம்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சரக்கு எடுக்கும் வியாபாரி கேட்பது இரண்டே கேள்விகள். கூலி எவ்வளவு? எப்போது வந்து சேரும்? ஆகாயத்துக்குச் செய்மதி அனுப்புகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

36,000 கிலோமீற்றர் உயரத்தில் நின்று தொலைக்காட்சி, தொலைபேசி அலைகளைத் தரும் செய்மதிகள் பலவற்றில், புறப்படும்போது எடையில் ஏறக்குறையப் பாதி எரிபொருளாகவே இருக்கும். லொறியில் பாதி இடத்தை டீசல் பீப்பாயே பிடித்துக்கொண்டால் சரக்கை எங்கே ஏற்றுவது? ரொக்கெட் கூலியோ எடையைப் பார்த்துத்தான்.

இதற்குக் கண்ட வழிதான் அயன் எஞ்சின். செனன் என்ற வாயுவின் அணுக்களுக்கு மின்னேற்றம் கொடுத்துப் பின்பக்கமாக வீசுகிறார்கள். செய்மதி முன்னே நகர்கிறது. மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. சாதாரண எஞ்சின் புகையைச் செக்கனுக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் தள்ளும் என்றால், இது 15 முதல் 30 கிலோமீற்றர் வேகத்தில் தள்ளும். ஆகவே கொஞ்ச வாயு நெடுநாள் காணும். ஆனால் தள்ளும் பலம் உள்ளங்கையில் வைத்த சில கடதாசித் தாள்களின் பாரமளவுதான். தரையிலிருந்து கிளம்ப ரொக்கெட்தான் வேண்டும்.

2015 மார்ச் 1இல் போயிங் கம்பனி தயாரித்த இரண்டு மின்செய்மதிகள் ஒரே ரொக்கெட்டில் போயின. இரண்டு முதலாளிமார் ஒரு லொறி பிடித்துக் கூலியைப் பங்கு போட்ட மாதிரி. ஆனால் உரிய இடத்தை அடைய ஆறு மாதமளவில் சென்றது. அதுவரை ஒரு சதம் வருமானமில்லை. கடன் வாங்கிச் செய்தவருக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். நமக்கு ஆகாத சங்கதி அது. இலாபமா நட்டமா என்பதை இந்த ஆறு மாதமே தீர்மானிக்கிறது.

இந்தியா இந்த எஞ்சினை முதலில் ஜிசாட்-4இல் வைத்தது. 2010 ஏப்ரல் 15இல் ரொக்கெட் தோற்று, எல்லாம் போயிற்று. பிறகு 2017 மே 5இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-9இல் வைத்தார்கள். இலங்கையும் பங்காளியான தெற்காசியச் செய்மதி அதுதான்.

செனன் விலைதான் தலையிடி. காற்றில் ஒரு கோடியில் ஒரு பங்குகூட அது இல்லை. ஆயிரக்கணக்கில் செய்மதி விடும் ஸ்டார்லிங்க் கம்பனி முதலில் மலிவான கிரிப்டனுக்கு மாறியது. 2023 முதல் அனுப்பும் புதிய ரகத்தில் அதைவிட மலிவான ஆகனைப் போடுகிறது. அக்கம்பனி 2025 ஜூலையில் இலங்கையிலும் சேவை தொடங்கியது. ஆகன் வேறொன்றுமில்லை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒட்டும் வெல்டிங் கடைகளில் சிலிண்டரில் நிற்கும் அதே வாயு.