யுத்தம் வந்து எட்டிப் பார்த்த அடுப்படி

சுதந்திரப் போராட்டம் என்றதும் சிறையும் தடியடியும் ஊர்வலமும்தான் நம் நினைவுக்கு வரும். அடுப்படியை யாரும் நினைப்பதில்லை. ஆனால், சகோதரிகளே, யுத்தம் முதலில் எட்டிப் பார்த்த இடம் அதுதான்!

1939 செப்டம்பர் 3-ம் தேதி, இந்தியாவும் யுத்தத்தில் இறங்கிவிட்டதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். நம் தலைவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை எதிர்த்து, சென்னை மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபை அக்டோபரிலேயே பதவி விலகியது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி வரத்து நின்றது. ஏப்ரல் 5-ல் கொழும்பிலும், 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அரசாங்கமே சொல்ல, சென்னை காலியாகத் தொடங்கியது.

என் மாமியாருக்கு அப்போது பத்து வயது. மாம்பலத்திலிருந்து மின்சார ரயிலேறி தாம்பரம் வந்து, அங்கிருந்து செங்கல்பட்டுப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போனார்களாம். "வீட்டைப் பூட்டினோமே தவிர, திரும்பி வருவோம்னு யாருக்கும் நம்பிக்கை இல்லேம்மா. எங்கம்மா அம்மிக்கல்லைத் தடவிப் பார்த்துட்டுத்தான் படியிறங்கினாங்க" என்பார்.

நம்மைக் கேட்காமல் யுத்தத்தில் இழுத்துவிட்டவர்களால் நம்மைக் காப்பாற்றவும் முடியவில்லை என்பது சாதாரணக் குடும்பத்துப் பெண்களுக்கும் புரிந்தது அப்போதுதான். நான்கே மாதத்தில், ஆகஸ்ட் 8-ம் தேதி, பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது.

1943-ல் சென்னைக்கு ரேஷன் வந்தது. "கோதுமையைக் கொடுத்தாங்க. அதை என்ன பண்றதுன்னே தெரியாது. உடைச்சுக் கஞ்சி காய்ச்சினோம்" என்று மாமியார் சிரிப்பார். சிரிக்க முடியாத கொடுமையும் அதே ஆண்டில் நடந்தது. வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி, அதே 1943-ல் சிங்கப்பூரில், நேதாஜியின் ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றார். மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினார்கள். அவர்களைச் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது. அரைப்படி அரிசியில் ஆறு வயிறுகளை நிரப்பியவர்களை யார் குறித்து வைத்தார்கள்?

உங்கள் வீட்டில் தொண்ணூறைத் தாண்டிய பாட்டி இருந்தால், அந்த நாளில் என்ன சமைத்தார்கள், யாருக்குக் குறைத்துப் போட்டுக்கொண்டார்கள் என்று கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "எனக்குத்தான்" என்று அநேகமாக எல்லாப் பாட்டிகளும் சொல்வார்கள். அதையும் எழுதுங்கள்.