எதிர்க்கரை கற்பிக்கும் பாடம்: வீட்டுத் தோட்டத்திற்கேற்ற பூச்செடிகள்

கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் கரையோரமாக அமைந்துள்ளது கார்டன் ரீச். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் ஆற்றை நோக்கி எழுப்பிய தோட்ட மாளிகைகளே இப்பகுதிக்கு இப்பெயரைத் தந்தன. இன்று அங்கே கப்பல் கட்டும் தளமும், தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகமும், நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்துள்ளன. பெயரில் இருந்த தோட்டம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆயினும் எதிர்க்கரையில், சிப்பூரில், 1787ஆம் ஆண்டு கர்னல் ராபர்ட் கிட் தோற்றுவித்த தாவரவியல் பூங்கா இன்றளவும் பசுமையுடன் திகழ்கின்றது. வீட்டு முற்றத்தில் நான்கு பூச்செடிகளை வைக்க விழையும் நமக்கு, அப்பூங்காவின் வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள்ளன.

முதலாவது, மண்ணுக்கும் காலநிலைக்கும் ஒவ்வாத செடி வளராது என்பது. ஜாதிக்காய், கிராம்பு போன்ற நறுமணப் பயிர்களை வங்காளத்தில் வளர்க்க அங்கே முயன்றனர். அரசின் ஆதரவும் தேர்ந்த தோட்டக்காரர்களும் இருந்தும், அப்பயிர்கள் அங்கு நிலைபெறவில்லை.

இரண்டாவது பாடம் இதற்கு நேர்மாறானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக அப்பூங்காவிற்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பூச்செடி, எல்லை கடந்து நாடெங்கும் பரவியது. அதுவே உண்ணிச்செடி. இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அது புதராய் மண்டி, யானையும் மானும் உண்ணும் புல்லுக்கு இடமில்லாமல் செய்து வருகின்றது. நிறம் கண்டு மயங்கி ஒரு செடியைத் தேர்ந்தால், அதன் விளைவு வேலியோடு நின்றுவிடுவதில்லை.

தேர்வு செய்யும் முறை

நாற்றுப் பண்ணைக்குச் செல்லுமுன் நம் வீட்டை ஒரு நாள் முழுவதும் கவனிப்போம். நாளொன்றுக்கு 6 மணி நேரம் வெயில் விழும் இடம் காகிதப்பூவுக்கும் செம்பருத்திக்கும் உரியது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடத்தில் வெட்சியும் நந்தியாவட்டையும் நன்கு வளரும். வெட்சியை நம்மில் பலர் இட்லிப்பூ என்றே அறிவோம்.

அடுத்து, செடியின் முழு வளர்ச்சியைக் கேட்டறிய வேண்டும். பண்ணையில் ஓரடி உயரத்தில் நிற்கும் பவழமல்லி, சில ஆண்டுகளில் ஆள் உயரத்தைத் தாண்டிச் சிறு மரமாகிவிடும். சுவரை ஒட்டி நட்டுவிட்டு ஆண்டுதோறும் வெட்டிக்கொண்டிருப்பதைவிட, தொடக்கத்திலேயே போதிய இடைவெளி விடுவது நன்று. செம்பருத்திக்குச் சுவரிலிருந்து 3 அடியாவது தேவை.

குழந்தைகளும் கால்நடைகளும் உள்ள வீடுகளில் அரளியைத் தவிர்ப்பதே நல்லது. அதன் இலை, பூ, தண்டு, விதை அனைத்தும் நஞ்சு.

நம் முற்றத்துச் செடிகள் பல கொல்கத்தாவிலும் வேறு பெயர்களில் வாழ்கின்றன. செம்பருத்தி அங்கே ‘ஜபா’. காளி பூசைக்குரிய மலர். பவழமல்லி ‘சியூலி’, துர்கா பூசைக் காலத்தை அறிவிக்கும் அம்மலரே மேற்கு வங்க மாநிலத்தின் மலருமாகும். பணிமாற்றத்தால் ஊர் விட்டு ஊர் செல்லும் குடும்பங்களுக்கு இவை பழகிய துணை.

நடவும் பராமரிப்பும்

இரண்டடி ஆழ, அகலமுள்ள குழி எடுத்து, செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்பலாம். ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் சேர்க்கலாம். கார்டன் ரீச் போன்ற வண்டல் நிலப்பகுதிகளில் மழைநீர் தேங்கும் இடங்கள் உண்டு. அத்தகைய இடங்களில் மேடு அமைத்து நடவேண்டும். வேர் அழுகிய செடியை மீட்பது அரிது.

நீரூற்றுமுன் விரலால் இரண்டங்குல ஆழம் மண்ணைத் தொட்டுப் பார்ப்போம். ஈரம் இருப்பின் அன்று நீர் வேண்டா. காகிதப்பூ செழித்து வளர்ந்தும் பூக்கவில்லையெனில், பெரும்பாலும் நீர் மிகுதியோ வெயில் குறைவோதான் காரணம். சற்றே வாடவிட்டு நீர் பாய்ச்சினால் அது நிறம் காட்டும். நாம் இதழ் என எண்ணும் அவ்வண்ணப் பகுதி உண்மையில் பூவடிச் செதிலே. பூ அதனுள் சிறிதாய் வெண்மையாய் இருக்கும்.

செம்பருத்தி புதுத் தளிரில்தான் பூக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு கிளைகளைக் கவாத்து செய்யலாம். வெட்சிக்கு, பூத்து முடிந்த கொத்துகளை மட்டும் நீக்கினால் போதும். வெட்சியின் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாய்த் தெரிந்தால், அது இரும்புச்சத்துக் குறைவு. உவர்நீர் பாயும் இடங்களில் இது மிகுதி. சேகரித்த மழைநீரை ஊற்றுவது துணைபுரியும்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டவுடன் அந்தக் கிளையை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். பின் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறத்திலும் தெளிக்கலாம். வாரம் ஒருமுறையாக மூன்று வாரங்கள் தொடர்வது நலம்.

கார்டன் ரீச்சின் மாளிகைத் தோட்டங்களைப்போல் பரந்த இடம் இன்று நம்மில் பலருக்கு இல்லை. இருக்கும் இடம் சிறிதென்பதாலேயே தேர்வில் நிதானம் வேண்டும். வெயிலையும் மண்ணையும் நீரையும் அறிந்து ஒரு செடியை மட்டும் நட்டு, ஓராண்டு கவனித்தபின் அடுத்ததை வாங்குவோம். அவ்வாறு வைக்கும் செடி நம் பிள்ளைகள் காலத்திலும் பூக்கும்.