விரலறிந்து வாங்கும் மோதிரம்

விவாக நிச்சயம் என்றால் தாம்பூலத் தட்டும் லக்னப் பத்திரிகையுமே போதும் என்றிருந்த நம் குடும்பங்களில், மணமக்கள் சபை நடுவே மோதிரம் மாற்றிக்கொள்வது இப்போது சம்பிரதாயத்தின் அந்தஸ்தைப் பெற்றுவிட்டபடியால், ஆபரண விஷயத்தில் அனுபவமே இல்லாத ஓர் இளைஞனின் தலையில் அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வந்து விழுகிறது. அவனும் கடை விளக்கின் கீழ் எது அதிகம் ஜொலிக்கிறதோ அதையே உத்தமம் என்று முடிவு கட்டிவிடுகிறான். கல்லைப் பார்ப்பதற்கு முன் அதை அணியப்போகும் கையைப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கை நாள் முழுதும் என்ன செய்கிறது? ஆஸ்பத்திரியில் அடிக்கடி கையுறை மாட்டிக் கழற்றுகிறவளுக்கும், தினமும் மாவு பிசைகிறவளுக்கும் உயர எழும்பி நிற்கும் கல் உபத்திரவமே. அது கையுறையைக் கிழிக்கும், புடவை நூலை இழுக்கும், இடுக்கெல்லாம் மாவைத் தேக்கிக்கொள்ளும். நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் 1886-ல் ஆறு மெல்லிய பிடிகளால் வைரத்தை வளையத்துக்கு மேலே தூக்கி நிறுத்தும் அமைப்பைக் கொண்டுவந்தது. பக்கங்களிலிருந்தும் வெளிச்சம் புகுவதால் கல்லின் பிரகாசம் கூடுவது மெய்தான் என்றாலும், பிடி தேய்ந்தாலோ வளைந்தாலோ கல் ஆடத் தொடங்கிவிடும். உழைக்கிற கைக்கு, கல்லைச் சுற்றி முழு விளிம்பு கட்டித் தாழப் பதித்த மோதிரமே உசிதம். வைரத்தை இன்னொரு வைரமன்றி வேறெதுவும் கீறாது என்ற பெருமையை நம்பி அஜாக்கிரதையாக இருந்துவிடலாகாது; வாகான இடத்தில் பலமாக அடிபட்டால் அதுவும் பிளக்கும்.

உலோகத்தைப் பற்றி வீட்டில் ஒரு சிறு விவாதம் நடந்தே தீரும். 91.6 சதவீதம் பொன்னுள்ள 22 காரட் மிருதுவானது. 75 சதவீதம் பொன்னும் மீதி செம்பு, வெள்ளி முதலியவற்றின் கலப்புமான 18 காரட்டே வைரத்தை உறுதியாகப் பற்றிக்கொள்ளும் என்பார் நகை செய்யும் ஆசாரி. “பதினெட்டா? மட்டத் தங்கமாச்சே!” என்று அத்தை முகம் சுளித்தால், விற்கும்போது கிடைக்கும் விலைக்கு அவர் சொல்வது நியாயம், கல் விழாமலிருக்க ஆசாரி சொல்வது நியாயம் என்று சமாதானம் சொல்லிவிடலாம்.

காரட் என்ற சொல் கல்லுக்கு வரும்போது எடையைக் குறிக்கும்: ஒரு காரட் 200 மில்லிகிராம், கடைக்காரர் அதையே நூறு சென்ட் என்பார். வட்டமாகப் பட்டை தீட்டிய நூறு சென்ட் வைரம் சுமார் 6.5 மில்லிமீட்டர் அகலம். ஐம்பது சென்ட் வைரமோ சுமார் 5 மில்லிமீட்டர். எடை பாதியாகியும் அகலத்தில் குறைவது ஒன்றரை மில்லிமீட்டர்தான். விலையோ பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே எடையைக் குறைத்துக்கொண்டு, பட்டை நேர்த்தியாக விழுந்த கல்லை வாங்குகிறவன் புத்திசாலி. ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய வைரமும் அதே கரிமந்தான், கண்ணால் பேதம் காண இயலாது, மலிவு, ஆனால் மறுவிற்பனையை எதிர்பார்க்கலாகாது.

வைரத்தில் காகபாதம் என்னும், காக்கைக் கால் போன்ற கறைத் தோஷம் உண்டா என்று பார்த்து, சில நாள் வீட்டில் வைத்திருந்து ராசி பார்த்த பின்பே வாங்கும் பழக்கத்தை நான் பரிகசிக்கமாட்டேன். அந்தச் சாக்கிலாவது கல்லைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க நேர்கிறதல்லவா!

வைரமே வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. வைரம் சாசுவதம் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியதில் டி பியர்ஸ் கம்பெனி 1947-ல் எழுதுவித்த விளம்பர வாசகத்துக்குப் பெரும் பங்குண்டு. 1981-ல், பிற்பாடு பிரிட்டிஷ் இளவரசியான டயானாவின் விரலில் ஏறிய நிச்சய மோதிரத்தின் நடுக்கல் இலங்கை நீலம். கெம்பும் நீலமும் கடினத்தில் வைரத்துக்கு அடுத்தவை. தினமும் அணியும் மோதிரத்தில் மரகதமும் முத்தும் தாங்கா.

அளவுக்கு, மணப்பெண் மோதிரம் ஏறவிருக்கும் அதே விரலில் அணியும் பழைய மோதிரம் ஒன்றை அவள் தங்கையிடம் சொல்லி இரவல் பெறுவது சுலபம். வெயிலில் விரல் சற்று வீங்குமாதலால் மிகவும் இறுக்கமாக எடுக்க வேண்டாம். சுற்றிலும் கல் பதித்த வளையத்தைப் பிற்பாடு பெரிதாக்குவது கடினம்.

ரசீதில் பொன்னின் எடையும் கல்லின் எடையும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கிறதா, வளையத்தின் உட்புறம் பி.ஐ.எஸ். முத்திரையும் தூய்மை எண்ணும் ஆறு எழுத்தெண்கள் கொண்ட அடையாளக் குறியும் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.