ஆயில் குறையவே இல்லை: ஒரு பழைய டிராக்டரின் பிரஷர் கணக்கு

"இன்ஜின் நல்லாத்தான்டா ஓடுது. சூடானா மட்டும் ஆயில் பிரஷர் முள்ளு செவப்புக்கு எறங்கிருது. அடுத்த வாரம் தண்ணி தெறக்குறாய்ங்க, தொளி ஓட்டணும்."

உத்தமபாளையத்திலிருந்து சித்தப்பா போனில் சொன்னது இது. கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல் நடக்கிறது. தண்ணீர் திறந்துவிட்டால் எல்லா வயலுக்கும் ஒரே சமயத்தில் டிராக்டர் வேண்டும். அந்த வாரம் வண்டி படுத்தால் நாற்று முற்றிவிடும். பரவாயில்லை என்று ஓட்டி கிராங்க் ஷாஃப்ட் போனால், செலவு எங்கேயோ போய்விடும்.

ஊரில் கிடைத்த யோசனை இரண்டு. ஒன்று, கெட்டி ஆயில் ஊத்து. இல்லையென்றால் இன்ஜினைப் பிரி. நான் மெக்கானிக் இல்லை. ஆனால் கோடில் பிழை தேடுவதுதான் என் பிழைப்பு. அதனால் முதலில் இந்தப் பிரஷர் எங்கிருந்து வருகிறது என்று படித்துப் பார்த்தேன்.

ஆயில் பம்ப்தான் பிரஷரை உண்டாக்குகிறது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்த எண்ணெய் வெளியேற பேரிங்குகளுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளிகள்தான் வழி. அங்கே ஏற்படும் தடைதான் மீட்டரில் பிரஷராகத் தெரிகிறது. ஓஸ் முனையை விரலால் அடைத்தால் தண்ணீர் சீறுகிறதே, அதே கதை.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு. கசிவு அந்த இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப மாறும். இடைவெளி இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தில் கசிவு எட்டு மடங்கு. அடுத்தது எண்ணெயின் பிசுப்பு. 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் ஏழெட்டு மடங்கு இளகிவிடும். தேய்ந்த இன்ஜின் காலையில் நல்ல பிரஷர் காட்டிவிட்டு மதியம் விழுவது இதனால்தான்.

1883-ல் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்தார். பேரிங்கின் மேலே போட்ட துளையிலிருந்து எண்ணெய் பொங்கியது. அடைப்பு வைத்தார், அதையும் தள்ளிவிட்டது. காரணத்தை 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டு விளக்கினார்: ஷாஃப்ட் தன் சுழற்சியாலேயே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, ஒரு படலத்தின் மேல் மிதக்கிறது. பம்ப் அந்தப் படலத்துக்கு எண்ணெய் ஊட்டுகிறது. எண்ணெய் நீர்த்தால் படலமே மெலிந்துபோகும். அப்போது உலோகத்தோடு உலோகம் உரசும்.

இனி சோதனை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்பது எங்கள் தொழில் பழக்கம்.

முதலில் மீட்டரைச் சந்தேகப்பட்டோம். சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டச் சொன்னேன். குளிர்ந்த இன்ஜினில் 50 பி.எஸ்.ஐ. சூடான பின் ஐடிலில் 8, முழு வேகத்தில் 24. இந்த மாதிரி மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு சூட்டில், முழு வேகத்தில் 30 முதல் 60 வேண்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை.

குளிரில் 50 வந்ததே ஒரு தகவல். ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருந்தாலோ பம்ப் நன்றாகத் தேய்ந்திருந்தாலோ, குளிரிலேயே அடி வாங்கியிருக்கும். ஆக, மிச்சம் இரண்டு: பேரிங் தேய்மானம், நீர்த்துப்போன ஆயில்.

"ஆயில் குறையுதா சித்தப்பா?"

"குறையவே இல்லடா. போன தடவை மாத்துனதுக்கப்புறம் ஒரு சொட்டு ஊத்தல." குரலில் பெருமை.

எனக்கு அங்கேதான் உறுத்தியது. இந்த வயசு இன்ஜின் கொஞ்சமாவது ஆயில் குடிக்கும். டிப்ஸ்டிக்கைப் பார்க்கச் சொன்னேன். மேல்கோட்டையும் தாண்டி நின்றது. மோந்து பார்த்தார். டீசல் வாடை.

இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் டீசல் ஃபீட் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து, டீசல் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. டயாஃப்ரம், ஆயில், ஃபில்டர் மூன்றையும் மாற்றியதும் சூட்டில் ஐடில் 14, முழு வேகத்தில் 33. தொளி உழவு முடிந்தது.

33 என்பது எல்லைக்கோடுதான். அதனால் நடவு முடிந்ததும் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தோம். பேரிங் ஷெல்லில் மேல் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. நல்லவேளை, கிராங்க் அளவு மாறவில்லை. அதே சைஸ் ஷெல் போட்டோம், கிரைண்டிங் தேவைப்படவில்லை.

கெட்டி ஆயில் ஊற்றியிருந்தால் முள் ஏறியிருக்கும். டீசலும் இறங்கிக்கொண்டே இருந்திருக்கும். அலாரத்தை மியூட் செய்வதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

உங்கள் வீட்டு வண்டியில் முள் பூஜ்யத்துக்குப் போனால் உடனே நிறுத்திவிடுங்கள். இறங்கிக்கொண்டே வருகிறது என்றால் இன்ஜினைப் பிரிக்கும் முன் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். அதற்குக் காசு ஆகாது.