இரண்டுக்கு முன்னால் வரும் பத்து

பாட்டியின் சமையல் நோட்டை வாசகி ஒருவர் பக்கம் பக்கமாகப் படமெடுத்திருக்கிறார். மொத்தம் 86 பக்கம். ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கினால், 1ஐ அடுத்து 10 வந்துவிட்டதாம். அதிரசத்துக்குப் பாகு பதம் சொல்லும் 9ஆம் பக்கம் கடைசியில் கிடக்கிறது. மாவு சேர்க்கச் சொல்லும் 10ஆம் பக்கம் முன்னால் ஓடிவிட்டது. “ஃபோல்டரில் வரிசை சரியாகத்தானே இருக்கிறது?” என்று கேட்கிறார்.

அகராதியைப் புரட்டுங்கள். ‘கடற்கரை’ நீளமான சொல்தான், ஆனாலும் ‘கல்’லுக்கு முன்னால் வரும். இரண்டாவது எழுத்திலேயே ட, லவை முந்திவிடுகிறது. நீளத்தை யாரும் பார்ப்பதில்லை. கோப்புப் பெயரில் உள்ள 10ஐயும் ஸ்கிரிப்ட் இப்படித்தான் படிக்கிறது: முதலில் ஒன்று, பிறகு சுழியம். ஒன்று இரண்டுக்கு முந்தியது. அதோடு தீர்ப்பு முடிந்தது. விண்டோஸோ எக்ஸ்பி வந்த 2001 முதல் எண்ணை எண்ணாகவே பார்த்து அடுக்கிக் காட்டுகிறது. அதனால்தான் கண்ணுக்கு ஒரு வரிசை, ஸ்கிரிப்டுக்கு வேறு வரிசை.

எனக்கு வியப்பு தீராத இடம் ஒன்று உண்டு. 1க்கும் 10க்கும் இடையே முந்துவது யார் என்பதை, 1க்குப் பின்னால் நிற்கும் குறி தீர்மானிக்கிறது. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் புள்ளிக்கு 46, சுழியத்துக்கு 48. ஆகவே 1க்குப் பின் புள்ளி இருந்தால் 1 முந்தும். புள்ளிக்குப் பதில் அடிக்கோடு போட்டுப் பெயர் வைத்திருந்தால்? அதன் எண் 95. அப்போது 10ஆம் பக்கம் 1ஆம் பக்கத்தையே முந்திக்கொண்டு நிற்கும்!

ஓலைச்சுவடியில் ஏட்டைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்தார்கள். ஓரத்தில் ஏட்டெண்ணும் இட்டார்கள். நம் கோப்புகளுக்குப் பெயர்தான் கயிறு. 001, 002 என்று முன்னால் சுழியம் சேர்த்துவிட்டால் 999 வரை கவலையில்லை. பெயரை மாற்ற முடியாதென்றால், பெயரிலிருந்து எண்ணைப் பிரித்து, முழு எண்ணாக மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். லினக்ஸில் சார்ட் கட்டளையோடு பெரிய எழுத்து ‘வி’ சேர்த்தாலே போதும். கோப்புறையைப் படிக்கும் பைத்தான் கட்டளை எந்த வரிசைக்கும் உறுதி தருவதில்லை. அடுக்குவது நம் வேலை.

பழைய புத்தகங்களைப் பாடுபட்டு ஸ்கேன் செய்கிறவர்கள் இந்த இரண்டு சுழியத்தில் அசட்டையாக இருப்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஸ்கிரிப்ட் பிழைச் செய்தி எதுவும் காட்டாது. பக்கம் தாறுமாறாக வந்ததைப் பார்த்து, ஆசிரியர்தான் குழப்பினார் என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார்.

நோட்டை மறுபடி கோத்ததும் 9ஆம் பக்கத்தைத் திருப்புங்கள். பாகுக்கு அடுத்து மாவு வந்தால், பேத்திகளுக்கு அனுப்பலாம்.