ஒரு மூலிகை, மூன்று பெயர்கள்: சிங்கப்பூர்ச் சூழலில் மூலிகை மருத்துவமும் வைத்தியரை அணுகும் முறையும்

முன்னுரை

சிராங்கூன் சாலையிலும் அதனையொட்டிய தெருக்களிலும் உள்ள மளிகைக் கடைகளுள் சில, அரிசி, பருப்பு, மசாலைப் பொருள்களோடு நாட்டு மருந்துச் சரக்குகளையும் விற்று வருகின்றன. சுக்கு, திப்பிலி, வசம்பு, கடுக்காய், அதிமதுரம் எனப் பொட்டலங்கள் அடுக்கப்பட்டிருக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்திய மருந்தும் குழந்தைக்கு உரைமருந்தும் தேடி வருவோர் இன்றும் உளர். ஆயினும், இச்சரக்குகளை எதற்கு, எவ்வளவு, எவ்வாறு பயன்படுத்துவது என்னும் அறிவு முந்தைய தலைமுறையினரோடு குறைந்து வருகின்றது. பாட்டி இருந்த வரையில் வீட்டிலேயே கிடைத்த விளக்கத்தை இன்று பலரும் பொட்டலத்தின் மேலுள்ள ஒற்றை வரியிலிருந்தோ கைப்பேசியில் வரும் குறுந்தகவலிலிருந்தோ பெற முயல்கின்றனர். இது கவலைக்குரியது.

மூலிகை மருத்துவத்தின் அடிப்படைகளைச் சித்த மருத்துவத்தை மையமாகக் கொண்டு விளக்குவதும், சிங்கப்பூரில் வாழும் ஒருவர் வைத்தியரை அணுகும்போது அறிந்திருக்க வேண்டியவற்றைத் தொகுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

மூன்று மரபுகளின் ஒரு செடி

நிலவேம்பை இதற்கு ஏற்ற சான்றாகக் கொள்ளலாம். தாவரவியலார் ஆண்ட்ரோகிராஃபிஸ் பனிக்குலேட்டா என்றழைக்கும் இச்செடியை மலாய் மக்கள் ‘ஹெம்பெடு பூமி’ என்பர்; ‘மண்ணின் பித்து’ என்பது அதன் பொருள். சீன மருத்துவத்தில் இதன் பெயர் ‘சுவான் சின் லியென்’. மூன்று மரபினரும் இதனைக் காய்ச்சலுக்கு உரிய மருந்தாகக் கொண்டுள்ளனர். மலாய்த் தீவக்குறை நாட்டுத் தாவரங்களின் பயன்களைத் தொகுத்த ஐ. எச். பர்கில், 1912 முதல் 1925 வரை சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராகப் பணியாற்றியவர். 1935ஆம் ஆண்டு வெளிவந்த அவரது பெருந்தொகுப்பு, பல இனத்தாரின் மருந்துப் பழக்கங்கள் இவ்வட்டாரத்தில் அருகருகே வாழ்ந்தமைக்குச் சான்றாக விளங்குகின்றது. அதே பூமலையில் 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மூலிகைத் தோட்டத்தில் 400க்கும் மேற்பட்ட மருத்துவத் தாவரங்களை இன்று நேரிற் காணலாம்.

செடி ஒன்றாயினும் மருத்துவம் ஒன்றன்று. சித்த மருத்துவ நூல்கள் நிலவேம்பின் சுவையைக் கைப்பு என்றும் தன்மையை வெப்பம் என்றும் வகுக்கின்றன. சீன மருத்துவமோ அதனைக் குளிர்ச்சியுடைய மருந்தாகக் கருதி, உடலின் வெப்பத்தைத் தணிக்கப் பயன்படுத்துகின்றது. இரண்டும் காய்ச்சலுக்கே கொடுப்பினும், கொடுப்பதற்கான காரணம் வேறு. உடன் சேர்க்கும் சரக்குகளும் வேறு. எனவே, ஒரு மரபின் மருந்தை மற்றொரு மரபின் விதிப்படி உண்பதும், இரு வைத்தியரிடம் பெற்ற மருந்துகளை ஒருசேர உண்பதும் தவிர்க்கத் தக்கன. சீனக் கடையில் வாங்கிய மாத்திரையும் தேக்காவில் வாங்கிய குடிநீர்ப்பொடியும் ஒரே செடியாக இருக்கக்கூடும்; அதனை அறியாதவர் இருமடங்கு அளவை உட்கொண்டவர் ஆவார்.

சித்த மருத்துவம் நோயை நோக்கும் முறை

வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் தத்தம் அளவில் நிற்பது உடல்நலம் என்றும், அவை மிகினும் குறையினும் நோய் தோன்றும் என்றும் சித்த மருத்துவம் கருதுகின்றது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ இக்கருத்தினையே தொடக்கமாகக் கொண்டுள்ளது. அவ்வதிகாரம் மருந்தின் பெயர் எதனையும் கூறாமல், உணவின் அளவையும் நோயின் காரணத்தை ஆராய்வதையும் பெரிதும் வலியுறுத்துவது நோக்கத்தக்கது. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுவோர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று அது முடிகின்றது. இந்நான்கனுள் நோயாளியே முதலில் வைக்கப்பட்டுள்ளார்.

நோயறிதற்குச் சித்தர்கள் எண்வகைத் தேர்வினை வகுத்தனர். நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் ஆகியன அவை. நாடியைப் பிடித்த அளவிலேயே நோயைக் கூறிவிடுவதுதான் சித்த மருத்துவம் என்னும் எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. நாடி எட்டனுள் ஒன்றே. எஞ்சிய ஏழனையும் நோக்காது, உணவு, உறக்கம், தொழில் பற்றி ஒரு கேள்வியும் கேளாது மருந்து தருபவர், தம் நூல்களின் நெறிப்படி நடப்பவர் அல்லர் எனலாம்.

மருந்தின் வடிவமும் ஆயுளும்

சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என 64 வடிவங்களைக் கூறுகின்றது. ஒவ்வொன்றுக்கும் ஆயுட்காலம் உண்டு. குடிநீர் எனப்படும் கஷாயத்திற்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணத்திற்கு மூன்று மாதம். இளகத்திற்கு ஆறு மாதம். காலையிற் காய்ச்சிய குடிநீரைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரவில் அருந்துவது இவ்விதிக்கு மாறானது. ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த சூரணத்தை ஓராண்டு பாதுகாத்து உண்பதும் அத்தகையதே. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பொடிகள் விரைவிற் பூஞ்சணம் பிடிக்கும் என்பதையும் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

மூலிகை வேறு, பற்பம், செந்தூரம் முதலிய தாது மருந்துகள் வேறு. பின்னவற்றில் பாதரசம், கந்தகம், உலோகங்கள் ஆகியன முறைப்படி சுத்தி செய்யப்பட்டுச் சேர்க்கப்படுகின்றன. முறை தவறினால் அவை நஞ்சாகும். அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வில், 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் காணப்பட்டது. சிங்கப்பூரில் பாரம்பரிய மருந்துகளுக்குப் பத்து இலட்சத்தில் பாதரசம் 0.5 பங்கு, ஆர்செனிக் 5 பங்கு என வரம்புகள் விதிக்கப்பட்டுள்ளன. ‘மூலிகை’ எனக் கூறி விற்கப்படும் மருந்து மூலிகை மட்டுமே கொண்டதா என்பது நோயாளி கேட்க வேண்டிய முதற் கேள்வியாகும்.

சட்டமும் வைத்தியரும்

சிங்கப்பூரில் பாரம்பரியச் சீன மருத்துவர்களைப் பதிவு செய்வதற்கான சட்டம் 2000ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி, மலாய் மருத்துவம் ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்டோர்க்கு இத்தகைய சட்டமுறைப் பதிவு இல்லை. மருந்துகளைப் பொறுத்தவரை, இந்திய, மலாய்ப் பாரம்பரிய மருந்துகள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியதில்லை. அவற்றின் பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பாவார். ஆயினும் உலோக வரம்புகளை மீறுவதும், ஸ்டீராய்டு போன்ற மேலை மருந்துகளைக் கலப்பதும் குற்றமாகும். நீரிழிவு, புற்றுநோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளிட்ட 19 நோய்நிலைகளைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்தலும் தடை செய்யப்பட்டுள்ளது. அத்தகைய விளம்பரத்தைக் கண்டவர் விலகிச் செல்வதே அறிவுடைமை.

சட்டமுறைப் பதிவு இல்லாத நிலையில், ஆராயும் பொறுப்பு நோயாளியைச் சார்கின்றது. தமிழகத்தில் சித்த மருத்துவப் பட்டப்படிப்பு, ஓராண்டுப் பயிற்சியையும் சேர்த்து, ஐந்தரை ஆண்டுகள் கொண்டது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதலும், தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதலும் இயங்கி வருகின்றன. ‘ஐயா, தாங்கள் எங்குப் பயின்றீர்கள்? இந்தியாவில் பதிவு பெற்றுள்ளீர்களா?’ என்று பணிவோடு கேட்பது மரியாதைக் குறைவன்று. நன்கு பயின்றவர் இக்கேள்வியை வரவேற்பார்.

வைத்தியரிடம் கூற வேண்டியவை

நம்மிடையே ஒரு பழக்கம் உண்டு. பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் வினவும்போது நாட்டு மருந்து உண்பதைச் சொல்லாமல் மறைப்போம்; வைத்தியரிடம் செல்லும்போது உண்டு வரும் மாத்திரைகளைச் சொல்லாமல் விடுவோம். கடிந்துகொள்வார்களோ என்னும் அச்சமே இதற்குக் காரணம். இதனால் இருவருமே பாதி அறிந்த நிலையில் மருந்து தருகின்றனர்.

இதன் விளைவுகள் சிறியன அல்ல. சிறுகுறிஞ்சான் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கவல்லது. நீரிழிவு மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் நேரலாம். அதிமதுரத்தை நெடுநாள் உண்டால் இரத்த அழுத்தம் உயரும். உடலிலுள்ள பொட்டாசியம் குறையும். பூண்டை மருந்தளவில் உண்பது, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவர்க்கு இரத்தக் கசிவை மிகுவிக்கலாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர் தாம் உண்ணும் மூலிகைகள் அனைத்தையும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்தல் இன்றியமையாதது.

சிறுநீரகமும் கவனத்திற்குரியது. ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி ஆகியவற்றில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைத்துப் புற்றுநோயையும் உண்டாக்குவது. 1990களில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்துண்ட பெண்கள் பலர் இவ்வமிலத்தாற் சிறுநீரகம் இழந்தனர். இவ்வமிலம் கொண்ட மருந்துகளுக்குச் சிங்கப்பூரிலும் தடை உண்டு. ‘இயற்கையானது தீங்கு செய்யாது’ என்னும் கூற்று எவ்வளவு பிழையானது என்பதற்கு இஃதொன்றே போதும்.

பிறந்த குழந்தைகள் பற்றியும் ஒரு செய்தி கூறத்தக்கது. பெர்பரீன் என்னும் பொருளைக் கொண்ட மருந்துகள், ஜி-6-பி-டி நொதிக்குறைபாடு உடைய பச்சிளங்குழந்தைகளுக்குக் கடும் மஞ்சள் காமாலையை விளைவிக்கும் என்னும் அச்சத்தால் 1978இல் சிங்கப்பூரில் தடை செய்யப்பட்டன. 2013 முதல் அத்தடை படிப்படியாக நீக்கப்பட்டது. எனினும், அக்குறைபாடுடைய குழந்தைகளைப் பொறுத்தவரை எச்சரிக்கை நீங்கவில்லை. நம் மரமஞ்சளிலும் பெர்பரீன் உண்டு. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு இக்குறைபாட்டுச் சோதனை 1965 முதல் செய்யப்பட்டு வருவதால், அதன் முடிவைத் தாயும் வைத்தியரும் அறிந்த பின்னரே பத்திய மருந்து தொடங்குதல் நன்று.

சான்றின் எல்லை

மூலிகையை முற்றிலும் நம்புவதும் முற்றிலும் தள்ளுவதும் எளிது, ஆராய்வது கடினம். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி வழங்குதல் தொன்மையான வழக்கம். சென்னையில் எஸ். பி. தியாகராஜனும் நோபெல் பரிசாளர் பரூக் பிளம்பெர்க்கும் பிறரும் செய்த ஆய்வு 1988இல் வெளிவந்தது. ஹெப்படைட்டிஸ் பி கிருமியைச் சுமந்திருந்தோருள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரிடம் அக்கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுமருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடமே மறைந்தது. உலகமே வியந்தது. ஆனால், பின்னர்ப் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகள் இம்முடிவை உறுதிப்படுத்தவில்லை. ஓர் ஆய்வினால் உண்மை நிலைபெறுவதில்லை என்பதே இதனாற் பெறும் பாடம்.

மீண்டும் நிலவேம்புக்கு வருவோம். தமிழகத்தில் டெங்கிக் காய்ச்சல் பரவிய காலங்களில், நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகியன சேர்ந்த நிலவேம்புக் குடிநீரை அரசே மக்களுக்கு வழங்கியது. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டனர். அக்காய்ச்சலில் இரத்தத் தட்டணுக்கள் குறையும். ஆதலால் ஆஸ்பிரின் தவிர்க்கப்படுகின்றது. நிலவேம்பின் சத்து தட்டணுக்கள் ஒன்றுசேர்வதைத் தடுக்கக்கூடும் என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே, காய்ச்சல் கண்டவர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளாமல் குடிநீரை மட்டுமே நம்பியிருத்தல் ஆபத்தானது. கடும் வயிற்றுவலி, இடைவிடா வாந்தி, ஈறுகளில் இரத்தக் கசிவு ஆகியன தோன்றின் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நல்ல வைத்தியர் அவ்வாறே அனுப்பி வைப்பார்.

முடிவுரை

மூலிகை மருத்துவத்தைப் பயன்கொள்ள விரும்புவோர் ஒரு குறிப்பேட்டை வைத்திருத்தல் நலம். உண்ணும் மருந்தின் தமிழ்ப் பெயர், தாவரவியற் பெயர், வாங்கிய இடம், தொடங்கிய நாள், அளவு, உடலிற் கண்ட மாற்றம் ஆகியவற்றை அதில் எழுதுதல் வேண்டும். ‘நிலவேம்பு’ என்றால் விளங்காத மருத்துவருக்கும் தாவரவியற் பெயர் விளங்கும். வைத்தியர் பெயரையும் அளவையும் கூற மறுத்து, ‘இரகசியச் சரக்கு’ என்று கூறின், அம்மருந்தை உண்ணாதிருத்தலே முறை.

நம் முன்னோர் கடல் கடந்து வந்தபோது மருந்தறிவையும் உடன் கொண்டுவந்தனர். அதனைப் போற்றுவதாவது கண்ணை மூடிக்கொண்டு பொட்டலத்தைப் பிரிப்பதன்று. மருந்தின் பெயரையும் பண்பையும் எல்லையையும் அறிந்து, வைத்தியர், மருத்துவர் இருவரிடமும் உள்ளதை உள்ளவாறு கூறும் துணிவே அவ்வறிவை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்க்கும்.